முப்புரிக் கயிறு கண்ட மேதை: ஜி. என். இராமச்சந்திரன்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

ஒவ்வோர் ஆண்டும் தைத் திங்கள் ஐந்தாம் நாள் எங்கள் ஊராகிய மணலூர்பேட்டையில் தென்பெண்ணையாறு விழாக்கோலம் பூணும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். சுற்று வட்டாரத்துத் தெய்வங்களும் ஆற்றுக்கு வந்து சேரும். மணல்வெளி எங்கும் மக்கள் வெள்ளம்! அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டிக் கொண்டிருப்பவர்களைச் சிறுவயது முதலே நான் வேடிக்கை பார்த்து வந்திருக்கிறேன். விடியற்காலைப் பனியில் தொய்ந்து கிடந்த தோல், அனல் பட்டதும் விறைத்து நிற்கும். மந்தமாக ஒலித்த பறை கணீரென்று பேசும். தோல் ஈரம் குடித்திருந்தது, இப்போது காய்ந்துவிட்டது என்பார் பறையடிக்கும் பெரியவர். அவர் சொல்வது முற்றிலும் சரியே. ஆனால் அந்தத் தோல் எதனால் ஆனது, அதற்கு இத்தனை உறுதி எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை தெரிந்துகொள்ள நான் கல்லூரிக்கு வர வேண்டியிருந்தது.

தோலின் நார் 'கொலாஜன்' என்னும் புரதம். எலும்பையும் தசையையும் பிணைக்கும் நாண், காது மடல், மூக்கு நுனி, மூட்டுகளில் வழவழவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பு ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது இந்தப் புரதக் குடும்பமே. ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கூழ் போல உறைகிறதே, அதுவும் கொதிநீரில் அவிழ்ந்துபோன கொலாஜன்தான். நம் உடலில் உள்ள புரதங்களிலேயே மிகுதியானது இது. இதன் வடிவத்தை உலகுக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்ன ஆய்வுக்கூடம் கேம்பிரிட்ஜிலோ கலிபோர்னியாவிலோ இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில், கிண்டியில் இருந்தது. அதன் தலைவர் ஜி. என். இராமச்சந்திரன். நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே, 2001ஆம் ஆண்டில், அவர் மறைந்துவிட்டார். அவர்தம் வாழ்வை நம் மாணவ நண்பர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்ல விரும்புகிறேன்.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னே நிற்கும் 'ஜி' என்பது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிப்பது. 'என்' என்பது தந்தை நாராயண ஐயரை. தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணிதம் விளையாட்டாக வளர்ந்தது. 1939இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்பு வகுப்பில் சேர்ந்து, 1942இல் முதன்மையாகத் தேறினார்.

இங்கே ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுவதுண்டு. மகன் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். இரயில்வே பொறியியல் பணித் தேர்வை எழுதத் தில்லிக்கு அனுப்பி வைத்தார். மகனோ ஆராய்ச்சியின்மேல் மனம் வைத்துவிட்டவர். ஆகையால் தேர்வை வேண்டுமென்றே சரியாக எழுதாமல் திரும்பிவிட்டார் என்பர். நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வரும்? வர வேண்டுமா என்பதும் ஒரு கேள்விதான். அவருக்குப் பின்னால் பேராசிரியராகிய தந்தை இருந்தார். வயலில் கூலிக்குப் போகும் தந்தை இல்லை. தேர்வில் தோற்ற மகனுக்குச் சோறு இருந்தது. இதையும் நினைத்துப் பார்த்தே அவர் துணிவை நாம் போற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் துறையில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் வீற்றிருந்தவர் சர் சி. வி. இராமன். இளைஞர் விரைவில் இராமனிடம் போய்ச் சேர்ந்தார். மின்பொறியியலுக்கு இந்தப் பையன் மிகையானவன் என்று இராமன் அத்துறைத் தலைவரிடம் சொல்லித் தம் பக்கம் இழுத்துக்கொண்டாராம். இராமனின் மேற்பார்வையில் ஒளியியலிலும் எக்ஸ் கதிர்ப் படிகவியலிலும் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டமும், 1947இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். பிறகு இரண்டாண்டுகள் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில், வூஸ்டர் என்பாரிடம் ஆராய்ந்து மீண்டும் ஒரு முனைவர் பட்டம். அங்கே லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவைக் கேட்டதுதான் பெரும் மூலக்கூறுகளின்பால் அவர் மனத்தைத் திருப்பியது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியலுக்குப் புதிதாக ஒரு துறை தொடங்கியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் முதலில் இராமனையே அழைத்தார். இராமனோ தம் மாணவரின் பெயரைச் சொன்னார். முப்பது வயது கூட நிரம்பாத ஒருவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அமர்ந்தார். துணைவேந்தர் மகப்பேறு மருத்துவர். இயற்பியல் அவர் துறையன்று. எனினும் ஆளைக் கண்டு நம்பி, வேண்டியதைச் செய்து கொடுத்தார். அந்த நம்பிக்கை இல்லையேல் கிண்டியில் எதுவும் நடந்திராது.

கருவிகள் வந்தன. எதை ஆராய்வது? அப்போது சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். இராமச்சந்திரனுக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்திலேயே, அடையாற்றில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் இருக்கும் இடத்தில் கொலாஜனுக்கு என்ன பஞ்சம்? அங்கிருந்து பெற்ற பொருள்களுள் கங்காருவின் வால் நாண் நல்ல எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் சென்னை அடையாற்றில் கிடைத்தது ஒரு விந்தைதான்!

இராமச்சந்திரனுக்கு உறுதுணையாக இருந்தவர் கோபிநாத் கர்த்தா. எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவன சில புள்ளிகளும் வளைவுகளும் மட்டுமே. அவற்றைக் கொண்டு அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று ஊகித்து, மாதிரி கட்டி, மாதிரியின் கணக்கும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு வேதியியலார் ஏற்கெனவே கண்டிருந்த ஒரு செய்தி துணை செய்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அதன் பக்கத்தில் தொங்குவது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஏன் மூன்றில் ஒரு பங்கு? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய ஒன்றே நிற்க முடியும் என்னும்படி அங்கே ஏதோ நெருக்கடி இருக்க வேண்டும். மூன்று சங்கிலிகள் அருகருகே நின்று, அவற்றின் நடுவே உள்ள இடுக்கில் கிளைசின் மட்டுமே புக முடிந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். இதுவே 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் இருவரும் வெளியிட்ட முதல் மாதிரி. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை வெளியிட்ட மறு ஆண்டு அது.

முதல் மாதிரியில் ஒரு குறை இருந்தது. சங்கிலிகள் நேராக நின்றன. படங்களின் அளவுகளோ அதற்கு முழுவதும் ஒத்துவரவில்லை. மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்ற வேண்டும். சுற்றும்போதும் கிளைசின் எப்போதும் உள்நோக்கியே இருக்க வேண்டும். எப்படி? சந்திரன் பூமியைச் சுற்றிவரும்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறதல்லவா? அந்த நினைவுதான் அவருக்கு வழிகாட்டியது என்று சொல்வார்கள். 1955இல் சுற்றிய சுருளாகத் திருத்திய மாதிரி வெளிவந்தது.

நம் கிராமத்து மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு கயிறு போதும். எங்கள் வீட்டுத் திண்ணையில் என் பாட்டனார் மாட்டுக்குக் கயிறு திரிக்கும்போது, ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார். பிறகு மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். அப்போதுதான் கயிறு தானாக அவிழாது. கொலாஜனிலும் அதே முறைதான். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கச் சுருள். மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுற்றுகின்றன.

இந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அதே 1955இல் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் தங்கள் கொலாஜன் மாதிரியை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் சுற்றிய வடிவம் அவர்களுடையதிலும் இருந்தது. ஆனால் சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். அவர்கள் மாதிரியில் ஒன்றே. சென்னை மாதிரியில் சில அணுக்கள் தாங்கமுடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, ஆகவே அது நடவாது என்பது அவர்கள் கூறிய குற்றம். டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட கிரிக் சொல்லிவிட்டால் உலகம் யார் பக்கம் சாயும்? சொல்லத் தேவையில்லை.

இந்த வழக்கில் நம்மவர் சிலர் முழு நியாயமும் சென்னைக்கே என்று எழுதுகிறார்கள். மேல்நாட்டு நூல்கள் சிலவற்றிலோ சென்னையின் பெயரே வருவதில்லை. இரண்டும் சரியன்று. மூன்று சங்கிலி என்னும் அடிப்படை உண்மையை முதலில் கண்டது கிண்டிதான், அதில் ஐயமில்லை. பிணைப்பின் எண்ணிக்கையில் கிரிக்கும் ரிச்சும் சொன்னதே பிற்காலத்தில் நின்றது. 1994இல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு புரதத்தின் படிகத்தை நுணுக்கமாக ஆராய்ந்தபோது, நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே என்று தெரிந்தது. சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பிணைப்புகளாக நிற்பதும் அதில் தெரிந்தது. இரண்டாம் பிணைப்பு நீரின் வழியாக அமையலாம் என்று இராமச்சந்திரன் 1960களின் பிற்பகுதியிலேயே சொல்லியிருந்தார்.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது இந்த வழக்கின் தீர்ப்பன்று. குற்றச்சாட்டைக் கேட்டபின் அவர் என்ன செய்தார் என்பதே. அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்கிறார்கள். நல்லது, எவ்வளவு நெருங்கினால் மிக நெருக்கம்? இதற்கு யாரிடமும் சரியான விடை இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். குற்றம் சாட்டியவர்களிடமும் ஓர் அளவுகோல் இல்லை! ஆகவே தாமே அந்த அளவுகோலைச் செய்ய முற்பட்டார்.

வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் அப்போது அவரிடம் ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதுவரை உலகெங்கும் வெளியாகியிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் படிக வடிவங்களையெல்லாம் தேடியெடுத்து, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எந்த அளவுக்கு நெருங்கி வருகின்றன என்று பட்டியலிட்டார்கள். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இயல்பான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப் போனால் 3.0. இரண்டு ஹைட்ரஜன்களுக்கு 2.0, மிஞ்சிப் போனால் 1.9. இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எல்லைகள்.

அடுத்த படி இன்னும் அழகானது. புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்தின் இருபுறமும் ஒரு பிணைப்பு, கதவின் கீலைப் போலத் திரும்பக்கூடியது. அந்த இரண்டு திருப்பங்களையும் ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிப்பார்கள். ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றை நெடுக்கையச்சிலும் வைத்து, இரண்டையும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் முட்டிக்கொள்கின்றனவா என்று மேசைக் கணக்குப்பொறியைக் கொண்டு கணக்கிட்டார்கள். முட்டாத நிலைகளை மட்டும் குறித்தபோது, படத்தில் பெரும்பகுதி வெறுமையாகவே நின்றது. சில சிறு தீவுகள் மட்டுமே புரதத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள்! பாலிங் கண்ட ஆல்பாச் சுருள் ஒரு தீவில் விழுந்தது. பீட்டாத் தகடும் கொலாஜனும் இன்னொரு தீவில். 1963இல் ஒரு சிறு கட்டுரையாக வெளிவந்த இந்தப் படத்தை உலகம் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று அழைக்கிறது.

சென்ற பருவத்தில் எங்கள் ஆசிரியர் இந்தப் படத்தை வரைபடத் தாளில் கையால் வரையச் சொன்னார். ஒரே ஒரு புள்ளிக்கு உரிய தூரங்களைக் கணக்கிட எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அதிலும் ஒரு தவறு. அவர்கள் எத்தனை மாலைகளைச் செலவிட்டார்களோ!

இனி, இந்த வரைபடம் இன்றைய ஆய்வுக்கூடங்களில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். குருத்தெலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோது நம் கைகால்களின் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாயின. பிறகே எலும்பு அந்த இடத்தைப் பிடித்தது. குருத்தெலும்பின் செல்கள் தாமே சுரந்த பொருளுக்குள் சிறுசிறு குழிகளில் அடைபட்டு வாழ்பவை. இரத்தக் குழாய் அங்கே கிடையாது. ஆகவேதான் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை. நடவு நட்டுத் தேய்ந்த முழங்கால்களை நம் வீடுகளில் எல்லாரும் அறிவோம். இந்தச் செல்கள் கட்டும் கொலாஜன் இரண்டாம் வகை. மூன்று புரியும் ஒரே மாதிரியானவை. தோலிலும் எலும்பிலும் உள்ளது முதல் வகை. அதில் இரண்டு புரிகள் ஒன்றுபோலவும் மூன்றாவது வேறாகவும் இருக்கும். குருத்தெலும்புச் செல்களைத் தனியே எடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் பரப்பிப் பலமுறை வளர்த்தால், அவை தம் உருண்டை வடிவை இழந்து, இரண்டாம் வகையை விட்டுவிட்டு முதல் வகையைக் கட்டத் தொடங்கிவிடுகின்றன. தம் தொழிலையே மறந்துவிடுகின்றன எனலாம். தேய்ந்த மூட்டுக்குப் புதுக் குருத்தெலும்பு வளர்த்துத் தர முயல்வோருக்கு இது பெரிய இடர்ப்பாடு.

இந்த முப்புரியின் உறுதிக்கு நெல்லிக்காயும் காரணம் என்றால் வியப்பாக இருக்கும். சங்கிலியில் உள்ள புரோலின் என்னும் அமிலம் ஹைட்ராக்சி புரோலினாக மாறினால்தான் உடலின் வெப்பத்தில் புரிகள் அவிழாமல் நிற்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாத மாலுமிகளுக்கு ஈறு கசிந்து பல் உதிர்ந்தது இதனால்தான்.

வைரசின் கதை வேறு. அதற்குச் சொந்தமாகப் புரதம் கட்டும் பட்டறை இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து, நம் ரைபோசோம்களைக் கொண்டே தன் புரதங்களைக் கட்டிக்கொள்ளும் திருடன் அது. ஆனால் திருடன் கட்டினாலும் வீட்டுக்காரன் கட்டினாலும், சங்கிலி ஒன்றே, கீல்கள் அவையே, அணுக்கள் முட்டிக்கொள்ளும் எல்லையும் அதுவே. 2020இல் கொரோனா வைரசின் கூர்முனைப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்து வெளியிட்டபோது, வடிவம் நம்பத் தக்கதா என்பதற்கான சோதனைகளுள் ஒன்று, அதன் புள்ளிகள் இராமச்சந்திரன் வரைபடத்தின் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்பதே. புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர் எவராயினும் இந்தச் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். நெருக்கம் அதிகம் என்று ஒருகாலத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் வகுத்த அளவுகோலால் இன்று மற்றெல்லாருடைய மாதிரிகளும் அளக்கப்படுகின்றன.

கிண்டியில் 1963இலும் 1967இலும் அவர் கூட்டிய பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்கு உலகின் தலைசிறந்த அறிஞர்கள் வந்தார்கள். இலட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து விலகியபின், இராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை அமைத்தார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு உள்ளுருவத்தை விரைவாகக் கணக்கிடும் வழியைச் சொன்னது. மருத்துவமனைகளில் நாம் காணும் சி.டி. ஸ்கேன் கருவியின் கணக்கில் அந்த வழி பெரும்பங்கு பெற்றது. 1961இல் பட்நாகர் பரிசு, 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் பதவி, 1999இல் படிகவியலாரின் எவால்ட் பரிசு என்று சிறப்புகள் வந்தன. நோபல் பரிசு வரவில்லை. அதைப் பற்றி நம் நாட்டில் நிறைய வருந்தி எழுதிவிட்டார்கள். நானும் எழுதப் போவதில்லை.

பிற்காலத்தில் அவர் நாட்டம் கணிதத் தருக்கத்தின் பக்கம் திரும்பியது. பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்தியது. 1945இல் கைப்பிடித்த மனைவி இராஜலட்சுமி அம்மையார் 1998இல் காலமானார். அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார்.

இந்த ஆண்டு ஆற்றுத் திருவிழாவில் பறை காய்ச்சும் பெரியவரிடம் நான் முப்புரிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கயிறு போலத்தான் தோலும் இருக்கும் என்பது அவருக்கு வியப்பாகத் தோன்றவில்லை. தோலை உரித்து, ஊறவைத்து, இழுத்துக் கட்டியவர் அல்லவா! அதைக் கண்ணால் பாராமல் கணக்குப் போட்டே ஒருவர் சொல்லிவிட்டாரா என்பதுதான் அவருடைய கேள்வி. ஆம் என்றேன். பறையைத் திருப்பி மறுபடி அனலில் காட்டினார்.